கடைசிச் சிப்பாய் எப்போது போனான்? பெப்ரவரி 4 குறித்துத் திருகோணமலையில் ஒரு வழக்காடல்

துறைமுகத்தான்:
நமது நகரத்துப் பொதுமன்றம் ஒன்று (பெயர் வேண்டாம், ஊரில் எல்லோருக்கும் தெரியும்) பெப்ரவரி 4 ஆம் திகதிக்கென வெளியிட்ட வாழ்த்து மடலை உவர்மலையூரான் ஐயா இங்கே பெருமையோடு பகிர்ந்திருக்கிறார். அதிலுள்ள வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: "1948 பெப்ரவரி 4 ஆம் திகதி கடைசி ஆங்கிலேயச் சிப்பாயும் நம் மண்ணை விட்டு வெளியேற, இலங்கைத்தீவு முழுவதும் சுதந்திரக் காற்றைச் சுவாசித்தது." கொழும்பில் இருந்துகொண்டு யாராவது இப்படி எழுதியிருந்தால் பேசாமல் கடந்து போயிருப்பேன். டொக்யாட் வீதியால் நாள்தோறும் போய்வருகிறவர்கள் எழுதியிருப்பதுதான் வயிற்றெரிச்சலைத் தருகிறது. அந்தத் திகதியில் நமது உள்துறைமுகம் பிரித்தானிய அரச கடற்படையின் கையில் இருந்தது. 'ஹைஃபிளையர்' என்ற பெயரில் அவர்களுடைய கரைத்தளம் இயங்கியது. சீனன்குடாவில் அவர்களுடைய விமானப்படை இருந்தது. சுதந்திரம் கிடைப்பதற்கு முன்பே, 1947 நவம்பர் 11 ஆம் திகதி, டி.எஸ். சேனநாயக்கவும் ஆளுநர் சேர் ஹென்றி மூரும் கையெழுத்திட்ட பாதுகாப்பு ஒப்பந்தம் இதற்கெல்லாம் இடமளித்தது. திருகோணமலைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி. இடையில் ஒன்பது ஆண்டுகளும் எட்டு மாதங்களும் இருக்கின்றன. மடலை எழுதியவர்களுக்கு இது தெரியாதா, அல்லது தெரிந்துகொண்டே சிப்பாயைக் கப்பலேற்றி விட்டார்களா என்பதை உவர்மலையூரான் ஐயா விளக்க வேண்டும்.

உவர்மலையூரான்:
துறைமுகத்தான் அவர்களுக்கு வணக்கம். ஒரு வாழ்த்து மடலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வழக்கம் உங்களுக்கு எப்போது வந்ததென்று தெரியவில்லை. இலங்கைச் சுதந்திரச் சட்டம் 1947 டிசெம்பர் 10 ஆம் திகதி முடியின் இசைவைப் பெற்றது. அதன்படி 1948 பெப்ரவரி 4 முதல், இலங்கையின் வேண்டுகோளும் சம்மதமும் இன்றி இலங்கைக்காகச் சட்டமியற்றும் அதிகாரம் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு இல்லாமற் போயிற்று. ஒரு நாடு சுதந்திரமானதா என்பதைச் சட்டம் இயற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை வைத்தே தீர்மானிக்கிறார்கள். துறைமுகத்தில் யாருடைய கப்பல் நங்கூரமிட்டிருக்கிறது என்பதை வைத்து அல்ல. 1955 டிசெம்பர் 14 ஆம் திகதி ஐக்கிய நாடுகள் சபை இலங்கையை உறுப்பு நாடாக ஏற்றுக்கொண்டபோதும் நீங்கள் சொல்லும் தளம் இங்கேதான் இருந்தது. உலகம் ஏற்றுக்கொண்ட சுதந்திரத்தை டொக்யாட் வீதி ஏற்க மறுக்கிறது என்றால் அதற்கு நான் என்ன செய்வது?

துறைமுகத்தான்:
நான் சட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை ஐயா. கடைசிச் சிப்பாய் 1948 பெப்ரவரி 4 ஆம் திகதி வெளியேறினானா, இல்லையா? ஆம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் பதில் தரலாம்.

ஐக்கிய நாடுகள் சபையை நீங்களே இழுத்து வந்ததால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1955 இல் கிடைத்த அந்த இடத்துக்கு இலங்கை 1948 இலேயே விண்ணப்பித்தது. சோவியத் ஒன்றியம் அதைத் தனது தடுப்பதிகாரத்தால் மறித்தது. இலங்கை உண்மையிலேயே சுதந்திர நாடுதானா என்ற ஐயத்தையே காரணமாகக் காட்டியது. உலகம் ஏற்றுக்கொண்டது என்று சொல்லும்போது ஏழு ஆண்டுகள் வாசலில் காத்திருந்த கதையையும் சேர்த்துச் சொல்வதுதான் முறை.

வரலாற்று மாணவி:
இருவருமே தவறான திகதிகளைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறீர்கள். 1948 முதல் 1972 வரை இந்த நாட்டின் அரசத் தலைமை பிரித்தானிய முடியிடமே இருந்தது. எலிசபெத் மகாராணி சட்டப்படி இலங்கையின் அரசியாகவும் இருந்தார். அவருடைய பெயரில் ஒப்பமிட்ட மகாதேசாதிபதிகளில் முதல்வர் அதே சேர் ஹென்றி மூர். இரண்டாமவர் நமக்கு அரசியலமைப்பை வகுத்துத் தந்த சோல்பரி பிரபு. 1954 இல் ஒலிவர் குணதிலக்க வரும்வரை இந்நாட்டவர் ஒருவர் கூட அந்தக் கதிரையில் அமரவில்லை. நமது வழக்குகளின் இறுதி மேன்முறையீடு 1971 வரை இலண்டனிலுள்ள கோமறைக் கழகத்துக்கே (பிரிவி கவுன்சில்) சென்றது. ஆகவே நினைவுகூர வேண்டிய நாள் குடியரசு அறிவிக்கப்பட்ட 1972 மே 22. அது தமிழருக்கு எத்தகைய அரசியலமைப்பைக் கொண்டுவந்தது என்பது வேறு விடயம்.

உவர்மலையூரான்:
1964 ஆம் ஆண்டு வழக்கொன்றில், இலங்கை நாடாளுமன்றம் விரும்பினால் அந்த மேன்முறையீட்டை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம் என்று கோமறைக் கழகமே சொல்லிவிட்டது, அம்மா. தான் விரும்பும்போது மூடிவிடக்கூடிய கதவு திறந்திருந்ததை அடிமைத்தனம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

துறைமுகத்தான்:
தங்கச்சி சொல்வது கொழும்பு வரலாறு. அரசியின் படம் கச்சேரிச் சுவரில் தொங்கியதால் திருகோணமலையில் யாருக்கும் நடமாட்டத் தடை வரவில்லை. ஆனால் துறைமுகத்தின் வாயிலில் காவல் நின்றது யார் என்பது இங்கே அன்றாட விடயமாக இருந்தது. வீட்டை மகனின் பெயருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வாசல் அறையின் திறப்பை மட்டும் தன் மடியிலேயே முடிந்துகொண்ட தகப்பனைப் போலத்தான் பிரித்தானியா நடந்துகொண்டது. அந்த வாசல் அறை நமது ஊர். ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி கூடப் போடப்படவில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.

வரலாற்று மாணவி:
என்னைத் தங்கச்சி என்று அழைப்பதால் 1972 ஆம் ஆண்டு 1957 ஆகிவிடாது. உவர்மலையூரானை ஐயா என்கிறீர்கள், அவரோடு ஆண்டுகளையும் சட்டப் பிரிவுகளையும் வைத்து வாதிடுகிறீர்கள். எனக்கு மட்டும் வாசல் அறைக் கதை. படைத்தளம்தான் அளவுகோல் என்றால் படைகளின் தலைமையையும் பாருங்கள். 1949 இல் அமைக்கப்பட்ட இலங்கை இராணுவத்தின் முதல் தளபதி கெய்த்னஸ் பிரபு என்ற பிரித்தானியர். 1955 இல் அன்ரன் முத்துக்குமாரு வந்த பிறகே அந்தப் பதவி இந்நாட்டவர் ஒருவருக்கு, அதுவும் ஒரு தமிழருக்கு, கிடைத்தது. வான்படையின் தலைமை 1962 வரை பிரித்தானியரிடமே இருந்தது. உங்கள் கணக்கின்படி வானம் 1962 இலும் கடல் 1957 இலும் விடுதலை பெற்றதாகத் தனித்தனி மடல் அச்சிடலாமா?

துறைமுகத்தான்:
அச்சிடலாம். அவையாவது உண்மையாக இருக்கும். ஊதியத்துக்கு அமர்த்தப்பட்ட தளபதியும், அந்நிய நாட்டின் கொடியோடு நிற்கும் தளமும் ஒன்றல்ல என்பதைத் தங்கச்சிக்கு (சரி, மாணவி அவர்களுக்கு) நான் விளக்கத் தேவையில்லை.

கிண்ணியா வாசி:
கொடி என்ற பேச்சு வந்ததால் ஒரு விடயத்தை நினைவூட்ட விரும்புகிறேன். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சிங்கக் கொடியைத் தேசியக் கொடியாக ஏற்க வேண்டுமென்று 1948 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் பிரேரணை கொண்டுவந்தவர் மட்டக்களப்புத் தொகுதி உறுப்பினர் முதலியார் சின்னலெப்பை. கிழக்கிலிருந்து போன ஒரு முஸ்லிம் உறுப்பினர் அன்று எதை நம்பி அதைச் செய்தார் என்பதை ஒருவரும் ஆராய்வதில்லை; எந்தக் கப்பல் எப்போது போனது என்பதையே ஆராய்கிறீர்கள். பின்னர் பச்சையும் செம்மஞ்சளுமாக இரண்டு பட்டைகள் சேர்க்கப்பட்டபோது, அந்தக் குழுவில் இருந்த செனற்றர் நடேசன் உடன்படாமல் விலகி நின்றார் என்பதும் பதிவில் உள்ளது. இதைப் பற்றி யாராவது பேசுவீர்கள் என்று எதிர்பார்த்தேன்.

இலண்டன் திருமலையான்:
நண்பர்களே, நான் இங்கே முப்பது ஆண்டுகளாக வாழ்கிறேன். இங்கிலாந்தின் லேக்கன்ஹீத்தில் அமெரிக்க வான்படை இன்றும் இருக்கிறது. அதற்காக இங்கிலாந்து இன்னும் சுதந்திரம் அடையவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. துறைமுகத்தான் இதற்கு என்ன சொல்கிறார்?

துறைமுகத்தான்:
இலண்டன் அண்ணை, அமெரிக்கா இங்கிலாந்தை ஆண்டுவிட்டுப் போகும்போது லேக்கன்ஹீத்தை வைத்துக்கொள்ளவில்லை. இங்கே ஆண்டவனே தளத்தையும் வைத்துக்கொண்டான். அதற்கான ஒப்பந்தத்தைத் தனது ஆளுநரின் கையாலேயே எழுதியும் கொண்டான். நவம்பர் 11 ஆம் திகதி கையெழுத்திட்ட சேனநாயக்க ஒரு சுதந்திர நாட்டின் பிரதமர் அல்லர். குடியேற்ற நாடொன்றின் பிரதமர். இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

இப்போது நான் ஏன் இதை விடமாட்டேன் என்பதையும் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் அம்மாவின் தையற்பெட்டிக்குள் ஒரு பித்தளை வில்லை கிடக்கிறது. பழைய ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியது. மேலே நூல் கோர்க்க ஒரு துளை. நடுவில் அடித்துப் பொறித்த எண். என் அம்மப்பா தளத்தின் பட்டறையில் வேலை செய்தவர். காலையில் வாயிலில் அந்த வில்லையைப் பெற்றுக்கொண்டு உள்ளே போவதும், மாலையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வருவதும் வழக்கம். கொடுக்க மறந்தால் அன்றைய சம்பளத்துக்குக் கணக்கில்லை. நாடு சுதந்திரம் பெற்ற பிறகும், 1957 வரை, இந்த ஊரின் ஒரு குடிமகன் இந்த ஊரின் ஒரு பகுதிக்குள் நுழைய அந்நியக் கடற்படையின் வில்லையைக் காட்ட வேண்டியிருந்தது. தளம் மூடப்பட்டதால் அவருடைய வேலையும் போயிற்று என்பதை மறைக்க மாட்டேன். வேலை போன நாளைத்தான் அவர் சாகும்வரை சுதந்திரம் வந்த நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்த்து மடல் எழுதியவர்கள் அப்படிப்பட்டவர்களின் வீட்டுப் படலையைத் தட்டிக் கேட்டிருக்கலாம்.

உவர்மலையூரான்:
மிகவும் உருக்கமாக இருந்தது. அந்த வில்லையில் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறதா? இல்லையெனில் அது 1938 ஆம் ஆண்டின் வில்லையாகவும் இருக்கலாமே. உணர்ச்சியை வரலாறாக மாற்றுவதில் துறைமுகத்தானுக்கு உள்ள திறமை இந்த மன்றம் அறியாதது அன்று. சென்ற ஆண்டு ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானியர் குண்டுவீச்சைப் பற்றிய விவாதத்தில், 1942 இல் மூழ்கிய 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கிக் கப்பலை நமது துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கடித்தவர் இவர். அது மட்டக்களப்புக் கடலில் கிடக்கிறதென்று நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மேலும், 1957 ஒக்டோபர் 15 ஆம் திகதி எல்லாம் முடிந்துவிட்டது என்பதும் சரியன்று. கட்டுநாயக்க விமானத்தளம் நவம்பர் 1 ஆம் திகதியே கைமாறியது. செய்தித் தொடர்பு வசதிகள் சிலவற்றுக்கு அதன் பின்னரும் கால அவகாசம் கொடுக்கப்பட்டது. ஆகவே உங்கள் அளவுகோலின்படி உங்கள் திகதியும் பொய்தான்.

துறைமுகத்தான்:
ஹேர்மிஸ் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல் என்றுதான் எழுதினேன். வேண்டுமானால் பழைய விவாதத்தைத் தோண்டிப் பாருங்கள். நான் எழுதாததற்கு நான் பொறுப்பல்ல. வில்லையில் ஆண்டு இல்லை, எண் இருக்கிறது. வரி கட்டிய பற்றுச்சீட்டையும் கேட்பீர்களோ?

கட்டுநாயக்க நவம்பர் 1 என்றால் நல்லது. என் வாதம் இன்னும் பலப்படுகிறது, ஏனெனில் கடைசிச் சிப்பாய் 1948 இல் போகவில்லை என்பதற்கு இப்போது நீங்களே சாட்சி சொல்லியிருக்கிறீர்கள். மடலின் வாக்கியம் பிழை என்று எழுதிவிட்டால் நான் அமைதியாகிவிடுவேன்.

உவர்மலையூரான்:
அது ஒரு அலங்காரமான வாக்கியம். அலங்காரத்துக்குப் பிழை கிடையாது.

துறைமுகத்தான்:
அலங்காரம் திகதி போட்டுக்கொண்டு வராது ஐயா.

இலண்டன் திருமலையான்:
என் லேக்கன்ஹீத் உதாரணம் பிடிக்கவில்லை என்றால் மோல்ற்றாவை எடுங்கள். அதுவும் நம்மைப் போலத் துறைமுகத்துக்காகவே பிரித்தானியா பிடித்துவைத்திருந்த தீவு. 1964 செப்ரெம்பர் 21 ஆம் திகதி சுதந்திரம் பெற்றது. தளம் அதன் பின்பும் இருந்தது. அவர்கள் செப்ரெம்பர் 21 ஐ இன்றும் சுதந்திர தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆகவே ஒரு தளம் இருப்பதால் சுதந்திர நாள் செல்லாமற் போய்விடாது.

துறைமுகத்தான்:
அண்ணை, உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பாதிக் கதையைச் சொல்லி மீதியை எனக்காக விட்டுவைத்திருக்கிறீர்கள். மோல்ற்றாவில் பிரித்தானியத் தளம் 1979 மார்ச் 31 ஆம் திகதி மூடப்பட்டது. அந்த நாளும் அங்கே விடுமுறை நாள், அதுவும் தேசிய நாள். அவர்களுக்குத் தேசிய நாள்கள் ஐந்து இருக்கின்றன. சுதந்திரம், குடியரசு, படை வெளியேற்றம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி இடம் உண்டு. மாணவியின் குடியரசும் உவர்மலையூரானின் சட்டமும் என்னுடைய தளமும் அங்கே ஒரே நாட்காட்டியில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது. துனீசியா 1956 மார்ச் 20 ஆம் திகதி பிரான்சிடமிருந்து சுதந்திரம் பெற்றது. பிசேர்த்தா என்ற கடற்படைத் தளத்தை மட்டும் பிரான்ஸ் விடவில்லை. 1961 ஜூலையில் அதற்காக இரத்தம் சிந்தப்பட்டது. கடைசிப் பிரெஞ்சுப் படை அங்கிருந்து போனது 1963 ஆம் ஆண்டில், எந்தத் திகதியில் என்று ஊகிக்க முடிகிறதா? ஒக்டோபர் 15. அங்கே அந்த நாளை வெளியேற்ற நாளாக இன்றும் நினைவுகூர்கிறார்கள். அதே ஒக்டோபர் 15 நமது ஊரில் மின்சாரக் கட்டணம் கட்டும் நாளாகக் கழிகிறது.

வரலாற்று மாணவி:
பிசேர்த்தாவில் மக்கள் செத்தார்கள். 1957 இல் இங்கே யாரும் ஒரு கல்லைக் கூட எறியவில்லை. 1956 இல் பிரதமர் பண்டாரநாயக்க இலண்டனில் நடந்த பொதுநலவாயப் பிரதமர்கள் மாநாட்டில் பேசி, பிரித்தானியரிடம் கொள்கையளவில் இணக்கம் பெற்று, மறு ஆண்டு கடிதங்களை மாற்றிக்கொண்டு, தளத்தைப் பொறுப்பேற்றார். அதற்கு விலையும் பேசப்பட்டது. அதை விடுதலைப் போராட்டம் போலச் சித்தரிப்பது உங்கள் வழக்கமான மிகைப்படுத்தல். அந்தப் பண்டாரநாயக்கதான் அதே 1956 இல் 33 ஆம் இலக்கச் சட்டத்தால் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியவர் என்பதை ஏன் எழுதவில்லை? உங்கள் ஒக்டோபர் 15 இன் நாயகன் அவர்தானே?

துறைமுகத்தான்:
நாயகன் என்று நான் எங்கே எழுதினேன்? காட்டுங்கள். திகதியைச் சொல்வது வேறு, மாலை போடுவது வேறு.

பாலையூற்றுப் பழையவன்:
வெகுநேரமாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒக்டோபர் 15, பெப்ரவரி 4, மே 22 என்று மூன்று பேரும் ஆளுக்கொரு திகதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அதே 1957 ஆம் ஆண்டின் பெப்ரவரி 4 ஆம் திகதி இந்த ஊரில் என்ன நடந்தது என்பதை ஒருவரும் சொல்லாதது எனக்கு வியப்பாக இருக்கிறது. தமிழரசுக் கட்சி அந்தச் சுதந்திர தினத்தைத் துக்க நாளாக அனுட்டிக்கக் கேட்டிருந்தது. சந்தைக்கு எதிரே மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக் கொடி ஏற்றப் போன திருமலை நடராசன் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நேரத்தில் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இன்னும் இருந்தது. ஆக, அந்நியன் துறைமுகத்தில் இருக்கும்போதே சுதந்திர தினத்துக்காக ஒருவர் இங்கே உயிர்விட்டிருக்கிறார். இதில் எந்தத் திகதியை நீங்கள் கொண்டாடப் போகிறீர்கள்?

துறைமுகத்தான்:
ஐயா, அதைச் சொல்லத்தான் வந்துகொண்டிருந்தேன். நடராசன் விழுந்த நாளிலிருந்து ஒக்டோபர் 15 வரை ஒன்பது மாதங்கள் கூட முழுமையாக உருண்டோட முன்னரே, மணிக்கூட்டுக் கோபுரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் இந்த ஊரின் சுதந்திர வரலாற்றை எழுத முடியாது. ஆகவே என் திகதியே முக்கியமானது என்பது இன்னும் உறுதியாகிறது.

வரலாற்று மாணவி:
வந்துகொண்டிருந்தீர்களாம். பத்துப் பதிவுகளாக வராதவர், மற்றவர் சொன்னவுடன் வந்து சேர்ந்துவிட்டார். அவர் கேட்டது எந்தத் திகதியைக் கொண்டாடுவது என்று. நீங்கள் அதையும் உங்கள் ஒக்டோபருக்குச் சாட்சியாக்கிக்கொண்டீர்கள்.

உவர்மலையூரான்:
நடராசனின் மறைவை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அவர் கறுப்புக் கொடி ஏற்றப் போனது பிரித்தானியத் தளத்துக்கு எதிராக அன்று. மொழிச் சட்டத்துக்கு எதிராக, 1956 ஓகஸ்டில் இதே ஊரில் கூடிய தமிழரசுக் கட்சி மாநாடு முன்வைத்த கோரிக்கைகளுக்காக. அதைத் துறைமுகத்தான் தன் கப்பல் கணக்கில் வரவு வைப்பது முறையல்ல. கட்சி துக்க நாளாகத் தெரிந்தெடுத்த திகதியும் பெப்ரவரி 4 தான் என்பதைக் கவனியுங்கள். எதிர்க்கிறவனுக்கும் அந்தத் திகதிதான் தேவைப்பட்டது. இன்று கரிநாள் என்று கறுப்புக் கொடி கட்டுகிறவர்களும் அந்த நாளில்தான் கட்டுகிறார்கள். ஒக்டோபர் 15 ஆம் திகதி யாரும் கறுப்புக் கொடியும் கட்டுவதில்லை, வெள்ளைக் கொடியும் கட்டுவதில்லை.

கிண்ணியா வாசி:
முதலியார் சின்னலெப்பையைப் பற்றி நான் எழுதியதை இன்னும் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

துறைமுகத்தான்:
கண்டுகொண்டோம் கிண்ணியா நண்பரே. அது கொடியின் வரலாறு. இங்கே பேசப்படுவது தளத்தின் வரலாறு.

உவர்மலையூரான் ஐயாவுக்கு: 1948 இன் சுதந்திரம் யாருக்குக் கிடைத்தது என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. தேசிய கீதம் 2016 இல் தமிழிலும் பாடப்பட்டு, 2020 இல் மறுபடி நிறுத்தப்பட்டது. மாவட்டச் செயலக முன்றலில் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கையில் காகிதக் கொடி கொடுத்துக் கொண்டாடப்படும் நாளின் நிலை இதுதான். இத்தனை ஓட்டைகளுள்ள நாளுக்கு, போகாத சிப்பாயின் புறப்பாட்டையும் சேர்த்து ஏன் ஒட்டுப்போட வேண்டும்?

உவர்மலையூரான்:
தளத்தைப் பற்றிப் பேசும் திரியில் தேசிய கீதம் எங்கிருந்து வந்தது? கிண்ணியா வாசியின் கொடிக்கு இடமில்லை, உங்கள் கீதத்துக்கு இடம் உண்டு. இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்? குடியுரிமைச் சட்டத்தைச் சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அந்நியன் நிறைவேற்றவில்லை. அந்தக் கொடுமையைச் செய்யுமளவுக்கு அதற்கு முழு அதிகாரம் இருந்தது என்பதே 1948 உண்மையானது என்பதற்குச் சான்று. கசப்பான சான்றுதான், ஆனாலும் சான்று.

பாலையூற்றுப் பழையவன்:
இப்படியும் ஒரு சான்றா!

இலண்டன் திருமலையான்:
எனக்கொரு சந்தேகம். தளம் 1957 இல் வந்துவிட்டது என்று துறைமுகத்தான் மகிழ்கிறார். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் என்னவாயின? 2022 ஜனவரி ஒப்பந்தப்படி எஞ்சியுள்ள 99 குதங்களில் 14 இந்தியன் ஒயிலின் கிளையான லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்திடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்திடமும் இருக்கின்றன. அப்படியென்றால் உங்கள் அளவுகோலில் அந்தக் காட்டுக்குள் விடுதலை எந்த ஆண்டு?

துறைமுகத்தான்:
வணிகக் குத்தகையையும் படைத்தளத்தையும் ஒரே தராசில் போடுகிறீர்கள் அண்ணை. குதங்களுக்கு முன்னால் துப்பாக்கியோடு ஓர் அந்நியக் கடற்படையினன் நின்றால் சொல்லுங்கள், அன்றே புதிய பதிவு தொடங்குகிறேன்.

வரலாற்று மாணவி:
துப்பாக்கி நின்றால்தான் அந்நியம், முடியும் கோமறைக் கழகமும் நின்றால் அந்நியமில்லை. நல்ல தராசு. அந்தத் தளத்தின் வாயிலில் இன்றும் துப்பாக்கி நிற்கிறது. கொடி மட்டும்தான் மாறியிருக்கிறது. உங்கள் அம்மப்பாவின் வில்லையைக் காட்டி இன்று உள்ளே போய்ப் பாருங்கள்.

துறைமுகத்தான்:
அம்மப்பாவை இதற்குள் இழுக்க வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

உவர்மலையூரான்:
இழுத்து வந்தவர் நீங்கள்தான். தையற்பெட்டியோடு.

துறைமுகத்தான்:
சரி. சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். எதிர்வரும் ஒக்டோபர் 15 ஆம் திகதி மாலை உள்துறைமுக வீதிக் கரையில் சிலர் கூடுவோம். மேடையும் ஒலிபெருக்கியும் இருக்காது. தளத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்களிடம் இருக்கும் படங்களையும் கடிதங்களையும் கொண்டுவரலாம். உவர்மலையூரான் ஐயாவுக்கும் அழைப்பு உண்டு. அவர் தமது மன்றத்தின் மடலைக் கையோடு எடுத்துவரட்டும்.

கிண்ணியா வாசி:
கூட்டத்தில் எந்தக் கொடி ஏற்றப்படும்?

துறைமுகத்தான்:
கொடி எதுவும் ஏற்றப்படாது.

கிண்ணியா வாசி:
கொடி இறங்கி ஏறிய நாளைக் கொடி இல்லாமல் நினைவுகூர்வதா? முதலியார் கொண்டுவந்த கொடி உங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது என்பதை நேரே எழுதலாமே.

பாலையூற்றுப் பழையவன்:
நடராசனின் பெயரைச் சொல்லித் தொடங்குவதாக இருந்தால் நான் வருகிறேன். அதற்கு உடன்படாவிட்டால் வரமாட்டேன்.

உவர்மலையூரான்:
நான் வரப்போவதில்லை. எனக்குச் சுதந்திர தினம் பெப்ரவரியில் முடிந்துவிட்டது. மன்றத்தின் அடுத்த ஆண்டு மடலுக்கான வாசகத்தையும் நானே எழுதப் போகிறேன் என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்கிறேன். அதில் சிப்பாயும் இருப்பான், கப்பலும் இருக்கும்.

வரலாற்று மாணவி:
மே 22 ஆம் திகதி கூட்டம் எதுவும் இல்லையா?

துறைமுகத்தான்:
அதை நீங்கள் கூட்டுங்கள் தங்கச்சி, நான் வந்து கேள்வி கேட்கிறேன்.